இடது கார்புரேட்டரின் மூச்சு

சுபிதா இறந்த நாற்பத்தொன்றாம் நாள் காலை ஆறே காலுக்கு, அவளுடைய மோட்டார் சைக்கிளின் இடது கார்புரேட்டர் மூச்சுவிடத் தொடங்கியது. அப்போது வண்டியில் சாவி இல்லை. பெட்ரோல் குழாய் அடைத்திருந்தது. பேட்டரியைக் கழற்றி அலமாரிமேல் வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சுபிதாவின் கணவன் ஷாஜன் பல் தேய்த்தபடி முன்னறைக்கு வந்தான். வண்டிக்குப் பக்கத்தில் கொடியில் தொங்கிய தன் சட்டையின் கை அதை நோக்கிப் போவதையும் விலகி வருவதையும் கண்டான். குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். இளஞ்சூடாகக் காற்று வந்தது, நின்றது, பிறகு கையை மெல்ல உள்ளே இழுத்தது. அவன் வாயைக் கொப்பளித்துவிட்டு ஏழே முக்கால் பஸ்ஸில் வேலைக்குப் போனான். அவன் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் விரிவுரையாளன். அன்று அவன் நடத்திய பாடம் ஒடுங்கிய குழாய்க்குள் காற்றின் வேகம் கூடுவதைப் பற்றியது. அதில் அவனுக்கு உதவுகிற விளக்கம் எதுவும் இல்லை.

பூவன்விளை, இரணியலிலிருந்து குளச்சல் போகிற வழியில் உள்ளே திரும்பினால் வருகிற ஊர். எண்பது வீடு, ஒரு சபை, ஒரு துணை சுகாதார நிலையம். அங்கே யாரும் இதற்குக் காரணம் தேடவில்லை, ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த வண்டி எண்பத்தேழாம் வருடத்தியது. இரண்டு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர், இரண்டு புகைக்குழல். சுபிதாவின் அண்ணன் ஜெரிஷ் மஸ்கட்டுக்குப் போனபோது தங்கையிடம் விட்டுப்போனது. அவள் கால்நடை ஆய்வாளர். ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுற்றுவட்டாரத்தில் மாடு இருந்த எல்லா வீட்டுக்கும் அதில்தான் போவாள். இடது கார்புரேட்டரில் சின்ன ஜெட் என்று ஒன்று உண்டு, திருகாணி அளவுள்ள பித்தளைத் துண்டு, நடுவில் ஊசிமுனைத் துளை. அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். நின்ற இடத்திலேயே அவள் அதைக் கழற்றி, உதட்டில் வைத்து, கன்னம் உப்ப ஊதுவாள். சீழ்க்கை போல ஒரு சத்தம் வந்தால் துளை திறந்துவிட்டது என்று பொருள். ஆறு வருடத்தில் அதை எத்தனை முறை ஊதினாள் என்று அவளுக்கே தெரியாது. மாட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஜனவரியில் நான்கு நாள் காய்ச்சலில் அவள் இறந்தாள். வயது இருபத்தொன்பது. ஒருத்தி ஆறு வருடம் ஒரே துளைக்குள் ஊதினால் கொஞ்சமாவது உள்ளே தங்காமல் இருக்குமா என்று பக்கத்து வீட்டு எலிசா கேட்டாள். அதற்குமேல் ஊரில் விவாதம் நடக்கவில்லை.

சுகாதார நிலையச் செவிலியர் ஜெப்சி வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்குப் பதினாறு. வளர்ந்த பெண்ணுக்குச் சரியான எண்ணிக்கை என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். சபையின் கமிட்டி கூடி, மூச்சுள்ள மோட்டார் சைக்கிளை அங்கத்தினர் பட்டியலில் சேர்க்கலாமா என்று பேசியது. ஞானஸ்நானம் பெறாததால் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாயிற்று. ஜூன் மழையில் துணி உலராமல் ஊரே நாறியபோது, எலிசா தன் வீட்டு ரப்பர் ஷீட்டுகளை ஷாஜனின் முன்னறைக்குக் கொண்டுவந்து தொங்கவிட்டாள். அவை இரண்டு நாளில் உலர்ந்தன. அதைப் பார்த்து பள்ளிச் சீருடைகள் வந்தன, பாடகர் குழுவின் அங்கிகள் வந்தன, போதகரின் போர்வையும் ஒருநாள் வந்தது. ஷாஜன் யாரையும் தடுக்கவில்லை. அவன் அந்த வருடம் முழுவதும் யாருக்கும் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கொடுத்ததைத் தின்றான். எதைத் தின்றான் என்று கேட்டால் தெரியாது. சாயங்காலம் வந்ததும் நாற்காலியை வண்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தேர்வுத்தாள் திருத்துவான். தாள் பறக்காமலிருக்க மேலே ஸ்பேனர் வைத்துக்கொள்வான். வண்டியின் ஒரு திருகாணியைக்கூட அவன் தொடவில்லை.

அக்டோபரில் மூச்சில் இரைப்பு வந்தது. முதலில் நிமிடத்துக்குப் பதினான்கு, பிறகு பதினொன்று. நவம்பர் கடைசியில் ஒன்பது, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு விசில். ஜெப்சி ஆஸ்துமாக்காரர்களுக்கு உள்ள ஆவிக் கருவியை ஒருமுறை கொண்டுவந்து வைத்துப் பார்த்தாள். பயனில்லை. குளச்சலில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பார்க்கும் ஹசனை எலிசாதான் வரவழைத்தாள். படகில் மாட்டுகிற எஞ்சின்களிலும் இதே மாதிரி இரண்டு மூன்று கார்புரேட்டர்கள் உண்டு. உப்புத்தண்ணீரில் கெட்டவற்றை அவன் தினமும் திறந்து மூடுகிறவன். வண்டியின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"மக்கா, உள்ள கெடக்க பெட்ரோலு பசையாயிருக்கு. பலாச்சக்கைப் பசை மாதிரி. தொறந்து கழுவி, ரப்பர் எல்லாம் புதுசு மாத்தணும்" என்றான்.

"தொறந்தா போயிரும்" என்றான் ஷாஜன். அந்த வாரத்தில் அவன் வீட்டில் வைத்துப் பேசிய முதல் வார்த்தை அது.

"தொறக்கல்லேண்ணா அடைச்சுப் போவும். ரெண்டுல எது வேணும் உனக்கு? தொறக்காம சரியாக்க நான் மந்திரவாதியாலே? மெக்கானிக்காக்கும்."

"குக்கருக்க உள்ள வச்சுத் தொறந்தா காத்து வெளிய போவாதுல்லா?" என்று வாசலில் நின்ற எலிசா யோசனை சொன்னாள்.

"அக்கா, குக்கருக்க உள்ள எனக்க கை போவுமா? இல்ல, என்னையும் சேத்து மூணு விசில் வைக்கப் போறியளா?"

ஷாஜன் சிரிக்கவில்லை. மூன்று வாரம் யோசித்தான். எண்ணிக்கை ஏழாகியபோது ஹசனுக்குப் போன் செய்து, வா என்று மட்டும் சொன்னான்.

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி, திங்கட்கிழமை மதியம் வேலை தொடங்கியது. ஜன்னல்களை மூடி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார்கள். ஹசன் காற்றுக்குழாய்களைத் தளர்த்தி, கேபிள்களைப் பிரித்து, இரண்டு கார்புரேட்டர்களையும் வெளியே எடுத்தான். இடதைத் துவாலையில் பொதிந்து ஷாஜன் மடியில் வைத்துக்கொண்டான். அது அந்த நிமிடத்தின் ஏழாவது மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. அடிக்கிண்ணத்தின் நான்காவது திருகாணி கழன்றதும் ஒரே ஒரு நீண்ட மூச்சு வந்தது, வெயிலில் நடந்து வந்தவர்கள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்ததும் விடுகிற மூச்சு மாதிரி. இருவர் முகத்திலும் பட்டது. அதோடு நின்றது. ஹசன் அவசரமாக வாயைப் பொத்திக்கொண்டான், தன் மூச்சு அதோடு கலந்துவிடக் கூடாதே என்று. "செரி, தொறந்தாச்சு. இனி நிறுத்தவும் முடியாது" என்றான் கைக்குள்ளிருந்தே.

கிண்ணத்துக்குள் பெட்ரோல் தேன் நிறத்தில் உறைந்திருந்தது. மிதவை அதில் ஒட்டிக்கிடந்தது. கழற்றியவற்றைப் போட்டுவைக்க, உருளாத பாத்திரம் வேண்டும் என்று ஹசன் கேட்டபோது, எலிசா தன் உண்ணியப்பச் சட்டியை எடுத்துவந்து கொடுத்தாள். பணியாரச் சட்டி மாதிரி, பன்னிரண்டு குழி உள்ள வார்ப்பிரும்புச் சட்டி. இடது பக்கத்து ஆறு குழியில் இடது கார்புரேட்டரின் பெரிய ஜெட், சின்ன ஜெட், ஊசி, மிதவை, காற்றுத் திருகாணி, அதன் ஸ்பிரிங். வலது பக்கத்து ஆறு குழியில் வலதுடையவை. கார்புரேட்டர்களின் உடல்களை மட்டும் பெயின்ட் தின்னரில் ஊறப்போட்டார்கள். அப்படியே ஓர் இரவு கிடந்தன. மறுநாள் காலை புது ரப்பர் வளையங்கள் வாங்க இருவரும் குளச்சலுக்குப் போனார்கள்.

அந்த நேரத்தில்தான் எலிசா வந்தாள். மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். மாவு புளித்து மேலே வந்திருந்தது, சட்டி இல்லை. மாற்றுச்சாவி எப்போதும் அவளிடம்தான் இருக்கும். அவள் பொறுப்பானவள். இடது குழிகளில் இருந்தவற்றை ஒரு டம்ளரிலும் வலது குழிகளில் இருந்தவற்றை இன்னொரு டம்ளரிலும் போட்டு, மூடி, மேலே பேப்பரில் இடது வலது என்று எழுதியும் வைத்தாள். சட்டியை எடுத்துப்போய்த் துணியால் நன்றாகத் துடைத்து, எண்ணெய் தடவி அடுப்பில் ஏற்றினாள். கழுவவில்லை. உண்ணியப்பச் சட்டியை யாரும் கழுவுவதில்லை. கழுவினால் அடுத்த பத்து தடவைக்கு மாவு ஒட்டிக்கொண்டு வராது.

முதல் ஈட்டில் இடது பக்கத்து ஆறு உண்ணியப்பமும் தட்டில் எடுத்து வைத்த பிறகும் உப்புவதும் அமுங்குவதுமாக இருந்தன. பாளையங்கோட்டான் பழம் கூடிப்போயிற்று என்று எலிசா நினைத்தாள். ஆனால் ஆறிய பிறகு அவைதான் பஞ்சுபோல இருந்தன. அதனால் அவற்றை டின்னில் போடாமல், வருகிறவர்களுக்குக் கொடுக்கவென்று தனியே வைத்தாள். ஒன்றை அவளே தின்று பார்த்தாள். ஒன்றை அவள் கணவன் ஞானையன் கேட்காமலே எடுத்துக்கொண்டார். ஞானையனுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்த ஜெப்சிக்கு ஒன்று. வீடு சந்திக்க வந்த போதகருக்கு ஒன்று. அவர் தின்றுவிட்டு, ஏலக்காய் கொஞ்சம் பெட்ரோல் வாசனை அடிக்கிறது, கடையை மாற்றுங்கள் என்று சொன்னார். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிய ஹசனுக்கு ஒன்றைக் கையில் கொடுத்தாள். ஆறாவதை ஷாஜனின் சமையலறை மேசையில் வைத்து, எவர்சில்வர் மூடியால் மூடிவிட்டுப் போனாள்.

இருபத்து நான்காம் தேதி கார்புரேட்டர்களைக் கூட்டினார்கள். சின்ன ஜெட்டின் துளையை ஹசன் மெல்லிய செம்புக் கம்பியால் குத்தி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். ஒரு புள்ளி வானம் தெரிந்தது. மிதவையின் உயரத்தை அளந்தான். காற்றுத் திருகாணியை மெல்ல முட்டும்வரை முறுக்கி, ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினான். எல்லாம் முறைப்படி நடந்தது. சார்ஜ் ஏற்றிய பேட்டரியை மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றியதும், நான்காவது உதையில் எஞ்சின் பிடித்தது. இரண்டு புகைக்குழலும் ஒரே சத்தத்தில் பேசின. அதை நிறுத்தியபின் இருவரும் இடது பக்கம் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அரை மணி நேரம் போயிற்று. கொடியில் போதகரின் போர்வை அசையாமல் தொங்கியது. ஹசன் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான், ஏற்கெனவே துடைத்தவற்றையும் துடைத்தான்.

"மக்கா, நான் ஒண்ணும் கூடுதலா கழுவல்ல கேட்டியா" என்றான்.

"தெரியும்" என்றான் ஷாஜன். நாற்காலியை எடுத்து அதன் பழைய இடத்தில் போட்டான். அன்று திருத்தத் தாள் எதுவும் இல்லை. இருந்தும் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஜெப்சி ஒன்றைக் கவனித்தாள். மூன்றாவது பாட்டில், யாரும் மூச்சு எடுக்காத இடத்தில், ஒரு சொல்லின் பாதியில், அவள் மூச்சு எடுத்தாள். அதே இடத்தில் பெண்கள் பக்கம் எலிசாவும் ஆண்கள் பக்கம் ஞானையனும் எடுத்தார்கள். போதகர் பிரசங்கத்தில், மேய்ப்பர்கள் மந்தையைக் காத்துக்கொண்டி என்று நிறுத்தி, தோள் உயர இழுத்து, ருந்தார்கள் என்று முடித்தார். நான்கு பேரின் தோளும் ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்கின. ஜெப்சி கடிகாரத்தைப் பார்த்தாள். பதினாறு. ஆராதனை முடிந்ததும் மூன்று பேரையும் முற்றத்து பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து நோட்டைத் திறந்தாள்.

"கடைசி ரெண்டு நாளா என்னெல்லாம் தின்னிய? வெளிய எங்கயாவது வெள்ளம் குடிச்சியளா?"

"எம் பிள்ளே, நல்ல நாளும் அதுவுமா வயித்துப்போக்கு விசாரணையா?" என்றார் ஞானையன்.

"சொல்லும் மாமா. கஞ்சியில இருந்து ஆரம்பியும்."

நான்கு பட்டியலிலும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று. ஜெப்சி அதன் அடியில் கோடு போட்டுவிட்டு எலிசாவைப் பார்த்தாள். எலிசாவின் முகம் மாறியது.

"எனக்க கர்த்தாவே. சட்டிய நான் கழுவல்லியே!" என்றாள்.

ஹசனுக்குப் போன் போட்டார்கள். இரண்டு நாளாகத் தன் மூச்சு தன் சொல்படி கேட்கவில்லை என்றும், கப்பலில் வேலை பார்க்கிற ஆள் மாதிரி மணியடித்தாற்போல மூச்சுவிடுகிறாயே என்று மனைவி ஜுபைதா கேலி செய்கிறாள் என்றும் அவன் சொன்னான். ஆராதனைக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஷாஜன் எழுந்து வீட்டுக்கு நடந்தான். சமையலறையில் இரண்டு நாளாக ஒரு சின்ன உலோகச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எலி என்று நினைத்திருந்தான். மேசையில் எவர்சில்வர் மூடி ஒரு நூல் உயர்ந்தது, தட்டில் இறங்கி டிக் என்றது, மறுபடி உயர்ந்தது. அவன் மூடியைத் திறந்தான். உண்ணியப்பம் உப்பியது, அமுங்கியது. அவன் மறுபடி மூடிவிட்டு, அதன்முன் உட்கார்ந்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஹசன் வந்ததும், எல்லோரும் ஷாஜனின் முன்னறையில் கூடினார்கள். செய்ய வேண்டியது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஊதி உள்ளே போனது, ஊதினால் திரும்ப வரும். ஹசன் சின்ன ஜெட்டை மட்டும் கழற்றி, இடுக்கியில் பிடித்தான். ஒவ்வொருவர் ஊதியதும் ஜெப்சி அதன் வெளிப்புறத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். முதலில் எலிசா ஊதினாள். மெல்லிய விசில் வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இவ்வளவுதானா என்றாள். ஞானையனை ஜெப்சி இரண்டு முறை வாய் கொப்பளிக்க வைத்தாள், பீடி நாற்றம் ஜெட்டில் ஏறிவிடும் என்று. போதகர் சிறிய ஜெபம் செய்துவிட்டு, எக்காளம் ஊதுகிறவர் மாதிரி ஊதினார். ஜெட் இடுக்கியிலிருந்து பறந்து அலமாரிக்கு அடியில் போனது. எல்லோரும் முழங்காலில் நின்று தேடினார்கள். ஜெப்சி கணக்காக ஊதினாள். ஹசன் பிஸ்மி சொல்லி ஊதினான். ஊதியவர்கள் எல்லோருக்கும் மூச்சு உடனே அவரவர் வசம் திரும்பியது. ஞானையன் அதைச் சோதிக்க ஒரு கொட்டாவி விட்டார்.

ஷாஜன் தட்டுடன் நின்றான்.

"தின்னு மக்கா" என்றான் ஹசன்.

"இது இப்படியே இருக்கட்டும்."

"எப்படியே? மூணு நாளாச்சு. நாளைக்குப் பூசணம் புடிச்சுப்போவும். பூசணத்த வச்சு என்ன செய்வ, தாள் திருத்துவியா?"

யாரும் சிரிக்கவில்லை. எலிசா மட்டும் பக்கத்தில் வந்து, "மக்களே, ஒரு வாய்க்குத்தான் காணும். தின்னு" என்றாள். ஷாஜன் ஜெப்சியைப் பார்த்துக் கேட்டான். "முழுசும் ஊதிட்டா எனக்குள்ள ஒண்ணும் மிச்சம் இருக்காதுல்லா?"

ஜெப்சி செவிலியர் படிப்பில் படித்ததை அப்படியே சொன்னாள். மனுசன் எவ்வளவு முக்கி ஊதினாலும் நுரையீரலில் ஒரு லிட்டருக்கு மேல் காற்று வெளியே வராமல் உள்ளேயே கிடக்கும். அது சாகும்வரை காலியாவதில்லை. இங்கே ஊதினவர்கள் எல்லோருக்குள்ளும் கிடக்கும். "அத எடுக்க ஆராலயும் முடியாது அண்ணா. பாடத்துல உள்ளதாக்கும்."

ஷாஜன் இயற்பியல்காரன். கொஞ்ச நேரம் அதை மனதில் சரிபார்த்தான். சரியாகத்தான் இருந்தது. உண்ணியப்பத்தை எடுத்து வாயில் போட்டான். வெல்லம், பழம், கருகிய தேங்காய்ப்பல், கடைசியில் லேசாகப் பெட்ரோல். பதினொரு மாதத்துக்குப் பிறகு அவன் நாக்கில் ஒரு ருசி தெரிந்தது. மெதுவாக மென்று, விழுங்கி, கொஞ்சம் பொறுத்து, ஜெட்டை வாங்கி உதட்டில் வைத்து ஊதினான். கன்னம் உப்பியது. விசில் மற்ற ஐந்து பேருடையதைவிட நீளமாக வந்தது. முடிந்தபோது அவன் முகம் முழுவதும் நனைந்திருந்தது. ஹசன் பார்க்காத மாதிரி ஜெட்டை வாங்கி மாட்டினான்.

இரண்டாவது உதையில் எஞ்சின் பிடித்தது. நிறுத்தினார்கள். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு கொடியில் ஞானையனின் வேட்டி, வண்டியை நோக்கி ஒரு சாண் வந்தது, நின்றது, விலகிப்போனது. இரைப்பு இல்லை. விசில் இல்லை. ஜெப்சி முழு நிமிடம் எண்ணி, பதினாறு என்று எழுதினாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே கார்புரேட்டர் கரகரவென்று ஒருமுறை இருமியது.

"அது எனக்க பங்கு" என்றார் ஞானையன் தலையைக் குனிந்து.

அந்த இருமல் இன்றும் உண்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தரை மணி சுமாருக்கு மூச்சு கொஞ்சம் நீண்டு, பிரசங்கம்போல ஏறி இறங்கும். இவற்றைச் சரிசெய்யலாமா என்று ஹசன் ஒருமுறை கேட்டதற்கு ஷாஜன், "வேண்டாம், நல்லாத்தான் இருக்கு" என்றான். அவ்வளவு நீளமாக அவன் பதில் சொன்னது ஹசனுக்கு ஆச்சரியமாக இருந்தது, வண்டி மூச்சுவிடுவதைவிட.

ஜனவரியில், சுபிதா இறந்து ஒரு வருடம் ஆன நாளில், கல்லறையில் ஜெபம் முடிந்ததும், ஷாஜன் வண்டியை வெளியே தள்ளினான். ஸ்டார்ட் செய்து, யாரிடமும் சொல்லாமல், திற்பரப்புக்குப் போனான். அருவிக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தில் கூட்டம். டிக்கெட் கிழிக்கிற பெனின் வந்து எண்ணைக் குறித்துக்கொண்டான். திரும்பப் போகும்போது வண்டியின் இடது பக்கம் அவனுடைய கையிலிருந்த டிக்கெட் கட்டு படபடத்தது. குனிந்து பார்த்தான். கையை வைத்துப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, அடுத்து வந்த டெம்போக்காரன் ஹாரன் அடிப்பதைக் கேட்டுக் கையைக் காட்டினான்.

"அண்ணாச்சி, அங்கோட்டு ஓரமா போடும். ஹாரன் அடியாதேயும். இஞ்ச ஒரு வண்டி உறங்குது."

டெம்போக்காரன் எட்டிப் பார்த்தான். எஞ்சினை அணைத்து, இரண்டு ஆட்களை இறக்கி, டெம்போவைத் தள்ளிக்கொண்டு போய் மரத்தடியில் விட்டான். ஷாஜன் துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி, குளிக்கிறவர்களுக்கு நடுவே இடம்பிடித்து, தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்தான்.